காரைக்குடியில் வாடகைக்கு வீடு: பழைய வளவா, காலனி மாடியா, கோட்டையூர்ப் பக்கமா?

ஏப்ரல் கடைசி வந்தால் போதும், எனக்கு வரும் போன்களில் பாதி வீடு பற்றியதாகத்தான் இருக்கும். பேங்க்கில் மாற்றலாகி வருகிறவர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்திலோ சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ வேலை கிடைத்து வருகிறவர்கள், சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று வயதான அப்பா அம்மாவோடு இந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "காரைக்குடியில எந்தப் பக்கம் பார்க்கலாம்?" அடுத்த மூச்சிலேயே "வாடகை எவ்வளவு வரும்?"

வாடகையை நான் கடைசியில்தான் பேசுவேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஊரில், நடுவில் திறந்த முற்றமும் சுற்றி அறைகளுமாக இருக்கும் பழைய வளவு வீடு, காலனி மாடி, கோட்டையூர்ப் பக்கத் தனி வீடு என்று மூன்று வகை வீட்டிலும் குடியிருந்துவிட்டேன். வீட்டைத் தேர்ந்தெடுத்தது ஒவ்வொரு முறையும் காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிற நாங்கள் இரண்டு பேர், அந்த வீட்டின் கஷ்டத்தை முழுசாகப் பட்டது பகல் முழுக்க அங்கேயே இருந்த என் மாமியார். அதனால் யார் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது, மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணா, முட்டிவலி உள்ள பெரியவரா, கதவை மூடிக்கொண்டு லேப்டாப்பில் மீட்டிங் பேசுகிறவரா, யாருமே இல்லையா? பதிலைப் பொறுத்து ஊரின் வேறு வேறு மூலைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

வெயிலிலிருந்து தொடங்குங்கள். பங்குனியில் பிடித்தால் ஆடி வரை இங்கே வெயிலும் புழுக்கமும்தான், அந்த மாதங்களில் பகலில் உட்கார முடியாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அடுத்தது தண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீர் காரைக்குடிக்காரர்களின் பெருமை, அதன் ருசிக்குப் பழகினவர்களுக்கு வேறு தண்ணீர் இறங்காது. ஆனால் குழாய் இருப்பதும் அதில் தண்ணீர் வருவதும் வேறு வேறு சங்கதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எத்தனை குடம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பருப்பு வேகவைத்துப் பாருங்கள், துவரம்பருப்பு குழையவில்லை என்றால் அந்தத் தண்ணீரை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

அப்புறம் கரண்ட் மீட்டர். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பணம் கசிவது இங்கேதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடும். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இல்லாமல் வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 யூனிட் ஓடினால் 2,400 ரூபாய். அதே 300 யூனிட் சொந்த இணைப்பில் ஓடியிருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. இலவச 100 யூனிட் போச்சு, மானிய விலையும் போச்சு. வாடகையில் 500 ரூபாய் குறைத்துப் பேசி ஜெயித்த சந்தோஷம் முதல் பில்லோடு முடிந்துவிடும்.

கழிவறை எங்கே இருக்கிறது, அங்கே போக எத்தனை படி, வீடு யார் பெயரில் இருக்கிறது, இராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோ கிடைக்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## பழைய வளவு வீட்டில் ஒரு போர்ஷன்

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நகரத்தார் வீடுகளில் சிலவற்றைப் பகுதி பகுதியாக வாடகைக்கு விடுகிறார்கள். பெரும்பாலும் பின்கட்டு, இல்லையென்றால் வளவின் ஒரு ஓரமாக இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும். நாங்கள் முதலில் இருந்தது அப்படி ஒரு பின்கட்டில்தான்.

இந்த வீடுகளின் குளிர்ச்சியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை மத்தியானத்தில் தெருவில் காலை வைக்க முடியாது, உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துக்கொள்ளலாம். கனத்த சுவர், உயரமான மச்சு, நடுவில் வாசல் என்று சொல்லும் திறந்த முற்றம் வழியாக மேலே போய்விடும் சூடு என்று எல்லாம் கணக்குப் போட்டுக் கட்டியது. என் மகன் நடை பழகியது அந்த வளவில்தான், பட்டாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு. கடைவீதி, கொப்புடையம்மன் கோயில், கல்லுக்கட்டி, டாக்டர் எல்லாம் நடக்கும் தூரத்தில். மாமியாருக்கு நான்கு பெண்களோடு சிநேகம் கிடைத்தது, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பேச ஆள் இருக்கும். இதற்கெல்லாம் விலை போட முடியாது, நான் அதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வீட்டில் கழிவறை மூன்றாம் கட்டுக்கு அப்பால், கிணற்றடியைத் தாண்டி இருந்தது. இராத்திரியில் இரண்டு நிலைப்படி தாண்டி நான்கு படி இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் வாசல் கல் வழுக்கும். ஐப்பசியில் ஒருநாள் மாமியார் அங்கே விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு இராத்திரியில் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்திவிட்டார் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வளவு வீடு என்றதும் எனக்கு இன்றும் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது பங்காளிகள் விஷயம். இந்த வீடுகள் ஒருவர் பெயரில் இருப்பது அபூர்வம். கட்டியவரின் மகன்களுக்கு ஆளுக்கு ஓர் அறை என்று வளவைச் சுற்றிப் பிரித்திருப்பார்கள், இன்றைக்கு அந்தப் பங்கு பேரன், கொள்ளுப்பேரன் வரை இறங்கிச் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிதறிக் கிடக்கும். உங்களுக்குச் சாவி கொடுக்கிறவர் அவர்களில் ஒருவர், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஒருநாள் காலையில் வேறொரு பங்காளி வந்து, "உங்களுக்கு யாரு வீடு விட்டது?" என்று கேட்டால் பதில் சொல்ல உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். எங்களிடம் கேட்டார்கள். எங்களுக்கு வீடு விட்ட ஆச்சி வந்து பேசிச் சரிசெய்தார், ஆனால் அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஓட்டில் ஒழுகினால் பழுது பார்க்கவும் இதே சிக்கல்தான், ஒருவர் செலவு செய்யத் தயாராக இருந்தாலும் மற்றவர் சம்மதம் வேண்டும், அதற்குள் கார்த்திகை முடிந்துவிடும்.

கல்யாணம், மணிவிழா, படைப்பு என்று வந்தால் பூட்டிக்கிடந்த அறைகளெல்லாம் திறக்கும், ஐந்தாறு நாளைக்கு வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், நீங்கள் பின்வாசல் வழியாகப் போய்வர வேண்டும். அது அவர்கள் வீடு, அவர்கள் குலதெய்வக் காரியம், குறை சொல்ல எதுவும் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் மட்டும் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளைப் படப்பிடிப்புக்கும் விடுகிறார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கக்கூடாது, ஏசி மாட்ட விடமாட்டார்கள், சமையலில் அசைவம் கூடாது என்று சொல்லும் வீடுகளும் உண்டு.

நடமாட்டத்தில் சிரமமில்லாத பெரியவர், சின்னக் குழந்தை, ஊருக்குள்ளேயே வேலை, கழிவறையை உள்ளேயே கட்டிச் சீராக்கிய போர்ஷன் என்று எல்லாம் சேர்ந்து அமைந்தால் யோசிக்காமல் போங்கள்.

## காலனியில் மாடி வீடு

செக்காலை, சுப்பிரமணியபுரம், டி.டி. நகர், அழகப்பாபுரம், பர்மா காலனி, கழனிவாசல் பக்கம் எல்லாம் கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர் என்ற கணக்குதான். இரண்டு படுக்கையறை, உள்ளேயே குளியலறை, கீழே வண்டி நிறுத்த இடம், பெரும்பாலும் தனி மீட்டர். பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளிக்கூடம் பக்கம். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நான் கடைசியில் சொல்வது இதைத்தான், மனசுக்கு வளவு வீடுதான் பிடித்திருக்கிறது என்றாலும்.

இதன் மறைமுகச் செலவு மொட்டை மாடிதான். மேலே வேறு தளம் இல்லாத கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இராத்திரி பதினோரு மணி வரைக்கும் கக்கும். மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்திருக்கிறார்களா, தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கிறதா, ஜன்னல் எதிரெதிரே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டத்தான் செய்யும். இன்னொன்று படி. முட்டிவலி உள்ளவர் மாடியில் இருந்தால் அவர் கீழே இறங்குவதே குறைந்துவிடும். அடுத்து நாங்கள் இருந்த மாடியில் என் மாமியார் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் இறங்கினார், பால்கனியில் நின்று கீரைக்காரம்மாவிடம் கூடை இறக்கி வாங்குவார். விழுகிற பயம் போனது, பேச்சுத்துணையும் போனது. கீழ்த்தளம் கிடைத்தால் 1,000 ரூபாய் கூடுதலானாலும் பெரியவர் உள்ள வீட்டுக்கு அதுதான் மலிவு.

வீட்டுக்காரர் கீழேயே இருப்பதால் விருந்தாளி வந்தால் கேள்வி, மோட்டார் போட நேரக்கட்டுப்பாடு, இராத்திரி பத்துக்குக் கேட் பூட்டுவது எல்லாம் இருக்கும். செப்டிக் டேங்க் எடுக்கும் செலவு யாருடையது, காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை உள்ளே வரும் முன்பே பேசுங்கள். எங்களிடம் ஒருவர் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கு என்று பிடித்துக்கொண்டார், பேசாமல் விட்டது எங்கள் தவறு.

வலிக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தக் காலனியிலும் இரண்டாவது கேள்வியாக "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நேராகக் கேட்காமல் சொந்த ஊர் எது, எந்தக் கோயில் என்று சுற்றி வந்தும் கேட்பார்கள். படித்து நல்ல வேலையில் இருக்கும் என் தோழி ஒருத்தி இதனாலேயே நான்கு வீட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், கேட்காத வீட்டுக்காரர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள், உடன் வேலை பார்க்கிறவர்கள் வழியாகத் தேடினால் அந்த வீடுகள் சீக்கிரம் கிடைக்கும்.

## கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர்ப் பக்கம் தனி வீடு

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதோடு சேர்ந்துவிட்டன. ஆனாலும் அங்கே வாழ்கிற நடை இன்னும் சின்ன ஊர் நடைதான், பள்ளத்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே வாடகைக்கு ஊருக்குள் மாடியில் ஒரு பகுதி கிடைத்தால் இங்கே சுற்றிலும் இடம் விட்ட தனி வீடே கிடைக்கலாம், முருங்கை, கறிவேப்பிலை, துணி காயப்போட வெயில், குழந்தை ஓட மண். தெருவும் அமைதி.

செலவு சாலையில் போகிறது. ஒரு வழி 7 கிலோமீட்டர் என்று வைத்து, வேலைக்கு ஒரு முறை, டியூஷனுக்கு ஒரு முறை போய் வந்தால் நாளைக்கு 28 கிலோமீட்டர், மாதம் 25 நாளைக்கு 700. லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டியில், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 1,500 ரூபாய்க்கு மேல். பெரும்பாலும் இரண்டாவது வண்டியும் வாங்க வேண்டிவரும். பெண்கள் டவுன் பஸ்ஸில் போனால் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை, வேலை நேரம் பஸ் நேரத்தோடு பொருந்தினால் இந்தக் கணக்கே மாறிவிடும், பள்ளத்தூர் மகளிர் கல்லூரியில் படிக்கும் பெண் இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் இப்போது கோட்டையூரில் கீழ்த்தள வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு வாசலும் இருக்கிறது, நாலடியில் கழிவறையும் இருக்கிறது. ஆனால் இராத்திரி மூச்சுத்திணறல் என்றால் காரைக்குடிக்குத்தான் ஓட வேண்டும், அதற்காகப் பழக்கமான ஆட்டோக்காரர் இரண்டு பேரின் நம்பரைக் காலண்டர் பக்கத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன். அடிக்கடி சென்னை போகிறவர்களுக்கும் இது சிரமம், விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க நான்கு மணிக்கு எழ வேண்டும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வளவு வீட்டுப் போர்ஷன் | காலனி மாடி | கோட்டையூர்ப் பக்கம் தனி வீடு |
|---|---|---|---|
| சித்திரைப் பகல் | குளிர்ச்சி | கூரையைப் பொறுத்தது, பெரும்பாலும் சூடு | மரம் இருந்தால் தாங்கலாம் |
| படியும் கழிவறையும் | தூரம், நிலைப்படி அதிகம் | உள்ளேயே உண்டு, மாடிப்படி ஏறணும் | கீழ்த்தளம் எளிது |
| மீட்டர் | பொது இணைப்பாக இருக்கலாம் | பெரும்பாலும் தனி | தனி |
| ஒளிந்திருக்கும் செலவு | பழுது தாமதம், விசேஷ நாட்கள் | ஏசி, பெயிண்ட் பிடித்தம் | பெட்ரோல், இரண்டாவது வண்டி |
| பேச்சுத்துணை | நிறைய | குறைவு | தெருவைப் பொறுத்தது |

## வாடகையா, ஒத்தியா?

மூன்று இடத்திலும் இந்தக் கேள்வி வரும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது ஒத்தி. 6 லட்சம் கொடுக்கிறீர்கள், அதை பேங்க்கில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷத்துக்கு 42,000, மாதம் 3,500. அதே வீட்டுக்கு வாடகை 8,000 என்றால் ஒத்தி லாபம்தான், காகிதத்தில்.

பணம் திரும்பி வரும் என்பதற்கு என்ன பிடி என்பதுதான் கேள்வி. ஒத்தி சட்டப்படி ஒரு வகை அடமானம், 100 ரூபாய்க்கு மேல் போனாலே பதிவு செய்ய வேண்டும், பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். நம் ஊரில் நிறையப்பேர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்தால் பேங்க்தான் முதலில் நிற்கும். அடுத்து ஒத்திக்கு ஆள் வந்தால்தான் வீட்டுக்காரர் உங்கள் பணத்தைக் கொடுப்பார், ஆள் வராவிட்டால் நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் பணம் இங்கே கிடக்கும். அதனால் இரண்டு வருஷத்தில் மாற்றல் வரக்கூடியவர்கள் வாடகைக்கே போங்கள். ஐந்து வருஷம் நிச்சயம் இருப்பேன், வீடு ஒருவர் பெயரில் இருக்கிறது, வில்லங்கத்தில் கடன் இல்லை, பதியவும் சம்மதிக்கிறார் என்றால் ஒத்தி நல்லது. பல பங்காளி உள்ள வளவு வீட்டை மட்டும் ஒத்திக்கு எடுக்காதீர்கள், தயவுசெய்து.

வாடகைக்கும் காகிதம் வேண்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, சண்டை வந்தது என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது. "நமக்குள்ள எதுக்குங்க பத்திரம்" என்று ஆச்சி அன்பாகத்தான் சொல்வார், நீங்களும் அன்பாகவே, ஆபீசில் கேட்கிறார்கள் ஆச்சி என்று சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள்.

## எப்போது தேடுவது

பள்ளிக்கூடம் திறப்பதை ஒட்டி மே, ஜூனில் எல்லோரும் தேடுவதால் பேரம் படியாது. ஆடியில் பெரும்பாலும் யாரும் குடி போக மாட்டார்கள், காலியாக இருக்கும் வீட்டுக்காரர் இறங்கி வருவார், ஆடியில் பேசி அட்வான்ஸ் கொடுத்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக்கொள்ளலாம். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மட்டும் போகாதீர்கள். பகலில் அந்த வீட்டில் இருக்கப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள், கால்மணி நேரம் கூடத்தில் உட்கார வையுங்கள், கழிவறை வரைக்கும் தனியாக நடந்து போய்வரச் சொல்லுங்கள். திரும்பி வந்து அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் வாடகையைப் பேசுங்கள்.